கல் வைக்க வரவேண்டாம்

உங்களுக்காகப் பாராளுமன்றத்தில் கை உயர்த்துகிறவர், போன வருடம் எதற்கெல்லாம் கை உயர்த்தினார் என்று உங்களால் சொல்ல முடியுமா? அவருடைய கட்சி உங்களுக்குத் தெரியும். சின்னம் தெரியும். தேர்தல் மேடையில் யாரை என்ன சொல்லி ஏசினார் என்பது சொல் பிசகாமல் தெரியும். உங்கள் ஊருக்கென்று அவர் எழுதிக்கொடுத்த வேலைகள் எவை, அவற்றில் எவை நடந்தன, எவை நடக்காமல் பணம் திறைசேரிக்கே திரும்பிப்போனது?

ஞானசவுந்தரிக்கும் இது தெரியாமல்தான் இருந்தது. தெரிந்துகொள்ளவேண்டிய தேவை அவருக்கு எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் பாலம் இல்லாத ஒன்றில் அவர் இருக்கிறார். தீவின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். பெயரைச் சொன்னால், அது அந்த ஊர்ப் பிரச்சினை என்று மற்ற ஊர்க்காரர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அங்கிருந்து வெளியே வர லோஞ்சு என்கிற மோட்டார்ப் படகு ஏறிக் குறிகாட்டுவான் துறையில் இறங்கவேண்டும். பிறகு பஸ். புங்குடுதீவைக் கடந்து, கடலுக்கு நடுவே போகும் தாம்போதியில் இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்க, வேலணைப் பக்கம் வந்துசேரும். நல்ல கால் உள்ளவர்களுக்கு இது பெரிய பயணம் இல்லை.

ஞானசவுந்தரிக்கு ஐம்பத்தெட்டு வயது. சீனி வருத்தத்தில், நீரிழிவில், இடது கால் முழங்காலுக்கு மேலேயே போய்விட்டது. வலது காலில் பெலன் இல்லை. வலையில் சிக்கிய நண்டைப் பிரித்தெடுப்பதும் கிழிந்த வலையைப் பொத்துவதும் அவருடைய வேலை. சக்கர நாற்காலியான சில்லுக்கதிரையில் இருந்தபடியே கரையில் ஆண்களுக்குச் சமமாக வேலை செய்வார், வாயிலும் அவர்களுக்குக் குறையமாட்டார்.

கணவர் வஸ்தியாம்பிள்ளை லோஞ்சில் வேலை செய்தவர். கயிறு எறிவது, சாமான் ஏற்றுவது, வயதானவர்களைக் கைபிடித்து இறக்குவது. அவர்களுடைய ஊர் இறங்குதுறையில் செங்குத்தான படிகள். கடைசிப் படிக்கும் லோஞ்சின் விளிம்புக்கும் இடையில் ஒரு இடைவெளி, அதற்குக் கீழே கடல். கால் போனபிறகும் அந்தப் படி ஞானசவுந்தரிக்கு ஒரு தடையாக இருக்கவில்லை. மனிசன் தூக்கிக்கொண்டு இறங்குவார்.

"இறைச்சி கூடிப்போச்சு," என்பார் வஸ்தியாம்பிள்ளை.

"மீனெல்லாம் கொழும்புக்கு ஏத்திப்போட்டு வேறை என்னத்தைத் தின்னுறது," என்பார் இவர்.

ஏறுகிற சனம் இதைக் கேட்கவென்றே கொஞ்சம் தாமதித்து ஏறும்.

ஒரு கார்த்திகை மாதம் வஸ்தியாம்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். வாடைக் காற்று தொடங்கிவிட்டது, கடல் குழம்பியிருந்தது. அந்த அலையில் வர லோஞ்சுக்கு மனமில்லை. றஜீபன் என்கிற பெடியன் தன் வள்ளத்தை இறக்கினான். படியில் நின்று ஆளைத் தூக்கி இறக்க நாலுபேர் இருந்தார்கள். நாலுபேர் ஒருவரைத்தான் தூக்கலாம். இரண்டாவது ஆளைத் தூக்க நேரமும் இல்லை, வள்ளத்தில் இடமும் இல்லை. ஞானசவுந்தரி கரையில் நின்றுவிட்டார்.

மனிசன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேரவில்லை. கடல் அடங்க நாளாகும் என்றதால் உடலைத் திருப்பிக் கொண்டுவரவும் முடியவில்லை. வேலணைக்குக் கிட்ட உள்ள சுருவிலில் வஸ்தியாம்பிள்ளையின் தங்கை ஜெனீற்றா இருந்தார். அங்கேயுள்ள சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். அடக்கத்தை ஞானசவுந்தரி றஜீபனுடைய போனில் பார்த்தார். பாதியில் சிக்னல் போய்விட்டது.

"கடவுளின்ரை சித்தம்," என்று அயலவர்கள் சொன்னார்கள். இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடலைக் கடவுள் உண்டாக்கினார் என்றே வைத்துக்கொள்வோம். படியைக் கட்டியது கொந்தராத்துக்காரன். அதற்குப் பணம் கொடுத்தது அரசாங்கம். அந்தப் பணத்துக்குக் கை உயர்த்தியது நீங்களும் நானும் அனுப்பிய ஆள். இதில் கடவுளை எங்கே இழுக்கிறீர்கள்?

கத்தோலிக்கர்கள் கார்த்திகை, அதாவது நவம்பர், இரண்டாம் திகதி, மரித்தோர் நாளில், இறந்தவர்களின் கல்லறைக்குப் போய் மெழுகுதிரி கொளுத்துவார்கள். மெழுகுதிரி வெளிச்சம் இறந்தவருக்குத் தெரியும் என்று நான் நம்பவில்லை. ஞானசவுந்தரி நம்புகிறார். நம்பிக்கை எதுவானாலும், தன் மனிசன் புதைந்த மண்ணை ஒருதரம் தொட்டுப் பார்க்கவேண்டும் என்ற ஆசைக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. அடுத்த வருடம் அந்த நாளுக்கு அவர் சீலை உடுத்துப் புறப்பட்டார்.

நாலுபேர் கதிரையோடு தூக்கினார்கள். அலை ஏறிய நேரம் லோஞ்சு விலகிற்று. கதிரை ஒரு பக்கமாகச் சரிந்தது. விழாமல் ஒருவன் பிடித்துவிட்டான், ஆனால் பிடித்தது சீலையை. சீலை அவன் கையோடு போயிற்று. லோஞ்சு நிறையக் கல்லறைக்குப் போகிற சனம்.

"ஒருத்தரும் சிரிக்கேல்லை," என்று பிறகு அவர் சொன்னார். "சிரிச்சிருந்தால் ரெண்டு ஏச்சு ஏசிப்போட்டுப் போய் இருந்திருப்பன். எல்லாரும் ஒண்டாய் மற்றப் பக்கம் திரும்பிச்சினம். அதைத்தான் என்னாலை தாங்கேலாமல் போச்சு."

அன்றைக்குத் திரும்பி வீட்டுக்கு வந்தவர், இனி என்னை ஒருத்தரும் தூக்கவேண்டாம் என்றார். மனிசனிடம் போவதென்றால் தானாகச் சில்லை உருட்டிக்கொண்டு போவேன், இல்லையென்றால் போகமாட்டேன். பிரான்சிலிருக்கும் மகன் ஜெகதீஸ் போனில் கெஞ்சினான். தனியாக ஒரு வள்ளம் பிடித்துத் தருகிறேன் என்றான்.

"தனி வள்ளத்திலை போக நான் என்ன கலியாணப் பொம்பிளையோ?" என்றார் தாய். "வள்ளம் தனியாய் இருந்தாலும் படி பழைய படிதானே, தம்பி."

அங்கிருந்துதான் அந்தச் சாய்தளத்தின் கதை தொடங்குகிறது. படிக்குப் பக்கத்தில் சாய்வாக ஒரு பாதை, அதன் முடிவில் லோஞ்சின் விளிம்போடு சேரும் அகலமான ஒரு தட்டு. அவ்வளவுதான். அவருக்கு மட்டுமல்ல, பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும், கிளினிக்குக்குப் போகிற கிழடுகளுக்கும், மீன் பெட்டி இழுக்கிறவர்களுக்கும் உதவும். கிராம அபிவிருத்திச் சங்கம் அதைக் கேட்டு எழுதியது. பாராளுமன்ற உறுப்பினர் தன் பெயருக்கு ஒதுக்கப்பட்ட நிதியில் அதைச் சேர்த்தார். புரட்டாதி முடிவில் அங்கீகாரம் வந்தது. இப்படியான சிறிய வேலைகளை வெளியாருக்குக் கொடுக்காமல் ஊர்ச் சங்கமே செய்யலாம் என்று ஒழுங்கு இருக்கிறது. ஆகவே செய்வதும் அவர்கள்தான்.

இங்கே ஒரு விஷயத்தை விளங்கிக்கொள்ளுங்கள். அரசாங்கத்தின் வருடம் மார்கழி, அதாவது டிசெம்பர், முப்பத்தோராம் திகதி முடிகிறது. அதற்குள் செலவழிக்காத பணம் திரும்பிப் போய்விடும். வருடத் தொடக்கத்தில் வரவேண்டிய பணம் மேசைக்கு மேசை தங்கித் தங்கி வருடக் கடைசியில்தான் தீவுக்கு வந்துசேரும். கடலுக்கோ வேறு வருடம். கார்த்திகையில் வாடை பிடித்தால் சீமெந்தும் வராது, கல்லும் வராது, தண்ணீருக்குள் நின்று வேலையும் செய்யேலாது. புரட்டாதிக் கடைசிக்கும் வாடைக்கும் நடுவில் கடல் அமைதியாகக் கிடக்கும் சில கிழமைகள்தான் அவர்களுக்கு இருந்தன.

அந்தச் சில கிழமைகளை அவர்கள் என்ன செய்தார்கள்? எம்.பி வந்து அடிக்கல் வைக்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

சங்கத் தலைவர் குருசுமுத்து பழைய மனிதர். யாரையும் மனம் நோகச் செய்யமாட்டார். "தந்த மனிசன் வராமல் நாங்கள் கைவைச்சால் அது மரியாதை இல்லை," என்றார்.

"அண்ணை, அவரின்ரை ஆளே போனிலை சொல்லிப்போட்டார், நீங்கள் துவங்குங்கோ எண்டு," என்றான் றஜீபன்.

"அது வாயாலை சொல்லுறது. மனசுக்கை வைச்சிருப்பினம். வாற வருசம் வேறை ஊருக்குப் போயிடும்."

"வாற வருசத்தை விடுங்கோ. இந்த வருசம் போகுதே."

"உமக்கு உது விளங்காது, றஜீபன். நீர் இனித்தான் கலியாண வீட்டுக்கு ஆக்களுக்குச் சொல்லப்போகவேணும். சொல்லாமல் பந்தி வைச்சுப் பாரும், சனம் என்ன சொல்லுமெண்டு தெரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஞானசவுந்தரியும் சிரித்தார். அவருக்கும் எம்.பி வரவேண்டும் என்றுதான் இருந்தது. வந்தால் முகத்துக்கு நேரே ஒரு நன்றி சொல்லலாம், பஸ் நேரத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லலாம். யாழ்ப்பாணத்தில் பளிங்குக் கல்லில் பெயர் வெட்டுவித்துக் கொண்டுவந்தார்கள். இறங்குதுறைக்கு வெள்ளை அடித்தார்கள். ஒரு திகதி குறித்தார்கள், அன்றைக்குப் பாராளுமன்ற அமர்வு. இன்னொரு திகதி குறித்தார்கள், அன்றைக்கு அவருடைய கட்சிக்காரர் ஒருவரின் செத்தவீடு. மூன்றாவதாகக் குறித்த நாளில் அவர் கொழும்பில் அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்கு வாக்களித்துக்கொண்டிருந்தார். அதாவது இந்த வருடப் பணம் இறங்குதுறையில் செத்துக்கொண்டிருக்க, அடுத்த வருடப் பணத்துக்குக் கை உயர்ந்துகொண்டிருந்தது.

வாடை பிடித்தது. மார்கழி முடிந்தது. பணம் திரும்பிப் போயிற்று. பெயர் வெட்டிய கல் இப்போது சங்கக் கட்டிடத்துக் கதவு காற்றில் அடிபடாமல் முட்டுக்கொடுக்கிறது.

அந்த எம்.பி கெட்டவர் இல்லை. அவர் வரச்சொல்லிக் கேட்கவும் இல்லை, காத்திருக்கச் சொல்லவும் இல்லை. நம்முடைய குனிந்த முதுகுதான் கேட்டது. நம்முடைய வரிப்பணத்தை நமக்கே திருப்பித் தருகிறவரை, தன் வீட்டு நெல்லை அள்ளித்தருகிற உடையார் என்று நினைத்துக் கும்பிட்டு நிற்கிறோம். கும்பிட்ட கை சீமெந்து குழைக்குமா?

ஞானசவுந்தரி சங்கத்தில் ஒருவரையும் ஏசவில்லை. கல் வைக்கக் காத்திருந்த அந்தக் கார்த்திகையில், மரித்தோர் நாளன்று, இறங்குதுறை மேட்டில் கதிரையை நிறுத்திவிட்டு, சனம் மெழுகுதிரிப் பெட்டிகளோடு ஏறிப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனீற்றாவிடம் கொடுக்கச்சொல்லி ஒரு மெழுகுதிரிப் பெட்டி அனுப்பினார். லோஞ்சு புள்ளியாகிறவரை பார்த்தார். பணம் திரும்பிப்போன செய்தி வந்தபிறகு குருசுமுத்துவைக் கூப்பிட்டுக் கேட்டார்:

"அண்ணை, உந்தக் காசை ஆர் ஆருக்கு எண்டு எங்கை இருந்து தீர்மானிக்கிறவை?"

"பிரதேச செயலகத்திலை, பிள்ளை. ஒருங்கிணைப்புக் குழு எண்டு கூடுவினம். எம்.பிமார், அதிகாரியள், சங்கங்கள்."

"அது எங்கை?"

"அங்காலை," என்று குருசுமுத்து கடலைக் காட்டினார்.

அந்தப் படியால் இறங்க முடியாதவருக்குச் சாய்தளம் வேண்டுமா என்று தீர்மானிக்கிற அறைக்கு, அந்தப் படியால் இறங்கித்தான் போகவேண்டும்.

இந்த வருடப் பங்குனியில் அந்தக் குழுவின் கூட்டம் வைத்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. அன்று காலை ஞானசவுந்தரி இறங்குதுறைக்கு வந்தபோது கரையில் நின்றவர்கள் இரண்டாம்தரம் பார்த்தார்கள். நீளச் சட்டைக்குக் கீழே வஸ்தியாம்பிள்ளையின் பழைய காற்சட்டையைப் போட்டு, இடுப்பில் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"என்னக்கா, களிசானோடை? வெளிநாட்டுக்கோ?" என்று ஒருவன் கேட்டான்.

"இல்லை, பார்லிமெண்டுக்கு. நீயும் வாறியோ, தொப்பி பிடிக்க?"

பிறகு றஜீபனைப் பார்த்தார். "தூக்கு," என்றார். "இண்டைக்கு மட்டும்." தூக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

வேலணையில், பிரதேச செயலகத்து வாசலில் ஒரு சாய்தளம் இருந்தது. பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி, வழுக்காத தரை, எல்லாம் சட்டப்படி. றஜீபன் தள்ள வந்தபோது கையைத் தட்டிவிட்டார். சில்லைத் தானே உருட்டி மேலே ஏறினார். மேலே போனவர் உள்ளே போகவில்லை. திரும்பிக் கீழே இறங்கினார்.

"என்னக்கா, எதையும் விட்டிட்டியளோ?"

"இல்லை. இன்னொருக்கா ஏறப்போறன்."

பத்து மணிக்கு என்ற கூட்டம் பன்னிரண்டுக்கும் தொடங்கவில்லை. எம்.பி வேறொரு ஊரில் ஒரு திறப்பு விழாவில் நிற்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். சாப்பாட்டுப் பார்சல் வந்தது. றஜீபன் குனிந்து மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, சுருவில் இஞ்சையிருந்து கிட்டத்தான். இப்ப ஓட்டோ பிடிச்சால் சேமக்காலைக்குப் போட்டு, கடைசி லோஞ்சுக்கு நேரா குறிகாட்டுவானுக்குப் போயிடலாம். கூட்டம் முடிய விட்டால் அதுக்கு நேரம் வராது. இனி எப்ப வரப்போறியள்?"

குருசுமுத்துவும் சொன்னார், "போட்டு வாரும், பிள்ளை. இஞ்சை நான் கதைக்கிறன்."

ஞானசவுந்தரி குருசுமுத்துவை ஒருதரம் பார்த்தார். பார்த்த பார்வையில், இவர் கதைத்தால் கூட்டம் எப்படி முடியும் என்பது தெரிந்தது.

"சுருவில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

றஜீபன் கையைக் காட்டினான். ஒரு மதில், அதற்கு அப்பால் பனைகள்.

அவர் கதிரையை அந்தப் பக்கம் திருப்பினார். பார்சலை மடியில் விரித்தார்.

"அவர் அங்கைதான் இருப்பார், எங்கையும் போகமாட்டார்," என்றார். "எம்.பிதான் வந்த உடனை போயிடுவார்."

"கிட்ட வந்திட்டுப் பாக்காமல் போறதோ, அக்கா?"

"தூக்கிவந்த மூட்டையாய் நான் அவரிட்டைப் போகமாட்டன், தம்பி. என்னைத் தூக்கிற உரிமை அவர் ஒராளுக்குத்தான் இருந்தது. நீர் சாப்பிடும்."

அந்தப் பனைகளைப் பார்த்தபடியே அவர் சோற்றைச் சாப்பிட்டு முடித்தார்.

எம்.பி மூன்று மணியளவில் வந்தார். பட்டியலை வாசித்தார்கள். ஒரு ஊருக்கு வரவேற்பு வளைவு, ஒரு கோயில் வீதிக்குக் கல் பதிப்பு, விளையாட்டுக் கழகங்களுக்குக் கதிரைகள். வாடைக்கு முன்னரும் பின்னரும் எப்போதும் செய்யக்கூடிய வேலைகள். கடலோரத்து வேலைகள் பட்டியலின் அடியில் கிடந்தன. அடியில் கிடப்பவை எப்போதும் நேரமில்லாமல் விடுபட்டுப் போகிறவை.

ஞானசவுந்தரி கையை உயர்த்தினார். ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை என்றதும் கதிரையின் சில்லை உருட்டி நடுவுக்கு வந்துவிட்டார்.

"ஐயா, எங்கடை ஊர்ச் சரிவு போன வருசம் வந்து திரும்பிப் போனது. உங்களுக்காகப் பாத்துக்கொண்டு இருந்து போனது."

"எனக்காகவோ?" என்றார் எம்.பி. "நான் வரவேணுமெண்டு கேட்டனானோ, அம்மா?"

குருசுமுத்து மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்தார்.

"இல்லை, நாங்கள்தான் உங்களைக் கேட்டுக்கொண்டு இருந்தனாங்கள். அது எங்கடை விசர். இந்தமுறை கல் வைக்க நீங்கள் வரவேண்டாம் ஐயா. கட்டி முடிய வாங்கோ, நான் உங்களுக்கு முன்னாலை உருட்டிக்கொண்டு இறங்கிக் காட்டுறன். இப்ப எனக்கு வேண்டியது ஒண்டுதான். காசை வாடைக்கு முன்னம் அனுப்புங்கோ. மார்கழியிலை வாற காசு எங்கடை தீவுக்குக் காசே இல்லை, ஐயா, மழை."

கூட்டம் சிரித்தது. எம்.பியும் சிரித்தார். அடியில் கிடந்த வேலையை முதலாவதாக எடுத்தார்கள், குழு அங்கீகரித்தது. ஓட்டோவை விரட்டிக் கடைசி லோஞ்சைப் பிடித்தார்கள். சுருவிலுக்குத் திரும்பும் சந்தியில் ஞானசவுந்தரி, "மெதுவாய்ப் போ," என்றார். ஓட்டோக்காரன் மெதுவாகப் போனான். அவ்வளவுதான்.

ஊரில் அதற்குப் பிறகு ஒரு மாற்றம். குருசுமுத்து ஒருவரையும் கேட்காமல் சங்கத்து ஆட்களைச் சேர்த்து இறங்குதுறையோரம் துப்புரவாக்கி, ஊரிலேயே கிடைக்கும் கல்லைக் குவித்துவிட்டார். சீமெந்துக்கும் கம்பிக்கும்தான் பணம் வேண்டும். இதை எழுதும்போது ஆடி பிறந்துவிட்டது. குழு அங்கீகரித்த பணம் இன்னும் விடுவிக்கப்படவில்லை. கேட்டால் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். மேலே என்றால் எங்கே என்று எவருக்கும் தெரியவில்லை. ஞானசவுந்தரி ஒவ்வொரு லோஞ்சுக்கும் கரைக்கு வந்து, கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்கிறார். வரவில்லை என்றால் அந்தக் கற்குவியலைச் சுற்றி ஒருதரம் உருட்டிவிட்டுத் திரும்புகிறார்.

வாடைக்கு இன்னும் சில மாதங்கள்தான் இருக்கின்றன. நீங்கள் தீவுப் பகுதியில் வாக்குள்ளவராக இருந்தால், அல்லது உங்கள் ஆட்களில் ஒருவருக்காவது அங்கே வாக்கு இருந்தால், இன்றைக்கே உங்கள் பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்தைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். தீவுகளின் கடலோர வேலைகளுக்கு இந்த வருடம் அங்கீகரித்த நிதி இப்போது எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். ஆவணிக்குள் விடுவிக்கச் சொல்லுங்கள். பதில் சொன்னவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த கிழமை அதே பெயரைச் சொல்லித் திரும்பவும் கூப்பிடுங்கள்.